தேவாரக்கெட்டு: பத்மநாபபுரம் அரண்மனையின் பெயர்களை வாசித்தல்

பத்மநாபபுரம் அரண்மனையின் படம் ஒன்றை யாரேனும் பகிர்ந்தால் போதும், கீழே இரண்டு வகைப் பின்னூட்டங்கள் தவறாமல் வந்து சேர்கின்றன. ‘தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அரண்மனையைக் கேரள அரசு எப்படி வைத்திருக்கிறது?’ என்பது ஒன்று. ‘எங்கள் அரண்மனை தமிழ்நாட்டில் மாட்டிக்கொண்டுவிட்டது’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன. ஒரு கட்டடத்துக்கு ஒரு மொழிதான் இருக்க முடியும். அந்த மொழியை அறிந்தால் உரிமையாளரை அறிந்துவிடலாம் என்பதே அந்த அனுமானம். உரிமைச் சிக்கலைச் சட்ட வல்லுநர்களிடம் விட்டுவிட்டு, மொழியியல் படித்தவன் என்ற முறையில் அந்த அனுமானத்தை மட்டும் இங்கே சோதிக்க விரும்புகிறேன். சான்றாக எடுத்துக்கொள்வது அரண்மனையின் அறைப் பெயர்களை.

முதலில் அடிப்படைச் செய்திகள். அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே, வேளிமலையின் அடிவாரத்தில். பழைய பெயர் கல்குளம். வேணாட்டு அரசர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601 அளவில், அரண்மனை எழுந்ததாகக் கொள்வது வழக்கம். தாய்க்கொட்டாரம் என்னும் பகுதியை அதற்கும் முற்பட்டதாகக் கூறுவோர் உண்டு. இன்று நாம் காணும் வடிவத்தின் பெரும்பகுதி மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) காலத்தது. 1750 சனவரியில் அவர் நாட்டைத் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்துத் தாம் பத்மநாபதாசனாக ஆளத் தொடங்கினார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனது. அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், 1795இல், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. கோட்டைக்குள் ஏறத்தாழ ஆறரை ஏக்கரில் மரமும் ஓடும் கருந்தரையுமாக அரண்மனை எஞ்சியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நிலம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் தொடர்ந்தது. 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் அது இடம்பெற்றது.

என் ஊர் பொழியூர். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடி; கடற்கரையோடு சிறிது நடந்தால் தமிழ்நாட்டின் நீரோடி வந்துவிடும். ஊர்ப்பெயரில் உள்ள ‘பொழி’ என்பது ஆறு மணல்திட்டை உடைத்துக் கடலில் கலக்கும் வாய். எல்லைக்கு இருபுறமும் மீனவர்கள் அச்சொல்லை ஒரே பொருளில் வழங்குகின்றனர். இங்கிருந்து அரண்மனைக்குச் செல்பவர் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்க வேண்டும். அந்தச் சாலையில் உள்ள மூன்று ஊர்ப்பெயர்களை இரு மொழிப் பலகைகளிலும் படித்துப் பாருங்கள். தமிழில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை. மலையாளத்தில் நெய்யாற்றின்கர, பாறசால, களியிக்காவிள. மூன்றிலும் முதன்மையான வேறுபாடு ஒன்றுதான்: சொல்லின் கடைசியில் தமிழ் ‘ஐ’ எழுதுகிறது, மலையாளம் ‘அ’ எழுதுகிறது. மலை–மல, தலை–தல, கரை–கர என்று தொல்திராவிட ஒப்பியலின் முதல் பாடத்திலேயே வரும் தொடர்புதான் இது.

பாடநூலில் வராத ஒரு செய்தி இதில் உண்டு. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரைப் பேசவிட்டுக் கேட்டால் அந்த இறுதி ‘ஐ’ பெரும்பாலும் ஒலிப்பதில்லை. மலைக்குப் போகிறவர் ‘மல’க்குத்தான் போகிறார். வடதமிழகத்துப் பேச்சிலும் கடை ‘கட’ ஆவதுண்டு. ஆகவே அந்த மூன்று பலகைகளிலும் தெரியும் எல்லை எழுத்து மரபின் எல்லை. ஓட்டுநரும் நடத்துநரும் கூவும் ஒலியில் அது அவ்வளவு தெளிவாக இல்லை.

இதே கண்ணோடு அரண்மனைக்குள் நுழைவோம்.

வாயிலில் பூமுகம். கூரையில் செதுக்கிய மலர்கள். சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கு. அதன் மேல்மாடியில் மந்திரசாலை, வண்ண மைக்காப் பலகைகள் பதித்த சாளரங்களோடு. அதன் கருந்தரையைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் செய்முறை உங்களுக்கும் தெரிந்திருக்கும்: சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, மூலிகைச் சாறுகள். செய்முறையின் நம்பகத்தன்மையை வேதியியலார் தீர்மானிக்கட்டும். நான் கவனிப்பது ‘சிரட்டை’ என்னும் சொல்லை. தமிழ்நாட்டின் வடபகுதியிலிருந்து வரும் பயணி அதைக் கேட்டவுடன் மலையாளம் என்று நினைக்கிறார். அவருக்கு அது கொட்டாங்கச்சி. ஆனால் குமரியிலும் நெல்லையிலும் சிரட்டைதான். கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் சிரட்டைதான். ஒரு சொல்லின் பரப்பெல்லை மாநில எல்லையை அறவே பொருட்படுத்தாமல் கடலைத் தாண்டிப் போகிறது.

அடுத்து ஊட்டுப்புரை. ஆயிரம் பேர் வீதம் இரண்டு தளங்களில் பிராமணர்க்கு உணவளித்த நெடுங்கூடம். ஊறுகாய் இட்டு வைத்த பெரிய சீனப் பரணிகள் இன்றும் அங்கே காட்சிக்கு உள்ளன. ஊட்டு, புரை இரண்டும் தமிழறிந்தவருக்கு உரை வேண்டாத சொற்கள். ‘வீடு’ என்னும் பொருளில் புரை இன்றைய பொதுத்தமிழில் வழக்கிழந்துவிட்டது. மலையாளத்தில் ‘புர’ என உயிரோடு இருக்கிறது. குமரியில் வீடுகட்டிய மனையைப் ‘புரையிடம்’ என்கிறோம். நிலப் பத்திரங்களிலும் அச்சொல்லைக் காணலாம்.

கொட்டாரம் என்னும் சொல்லே சுவையானது. மலையாளத்தில் அது அரண்மனை. தமிழ் அகராதிகளில் அதற்கு முதன்மையான பொருள் களஞ்சியம். ‘கோஷ்டாகாரம்’ என்னும் வடசொல்லின் வழியது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். தானியம் சேர்த்து வைக்கும் இடத்திலிருந்து அரசன் வாழும் இடத்துக்குப் பொருள் நகர்ந்திருக்கிறது. நெல்லை வரியாகப் பெற்ற ஒரு நாட்டில் அந்த நகர்வு வியப்புக்குரியதன்று. நாஞ்சில் நாட்டில், அகத்தீசுவரத்துக்கு அருகே, கொட்டாரம் என்றே ஓர் ஊர் இருப்பதையும் நினைவில் கொள்ளலாம்.

தெக்கே கொட்டாரத்தில் ‘தெற்கு’ றகரத்தை இழந்திருக்கிறது. தமிழ்நாட்டின் எந்த ஊர்ச் சந்தையிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். எழுதும்போது மட்டும் றகரம் திரும்பி வருகிறது. நான்கு தளங்கள் கொண்ட உப்பிரிக்க மாளிக தமிழ்நூல்களில் உப்பரிகை மாளிகையாகிறது. மேல் என்று பொருள்படும் ‘உபரி’ என்னும் வடசொல்லடியாக இருமொழியும் தனித்தனியே வழங்கும் வடிவங்கள் அவை. அதன் கீழ்த்தளம் கருவூலம்; உச்சித்தளம் சுவரோவியங்கள் சூழ்ந்த தெய்வ அறை. பாண்டிகசாலை தமிழில் பண்டகசாலை. அம்பாரி முகப்பு என்பது யானைமேல் வைக்கும் அம்பாரியின் வடிவில் அமைந்த உப்பரிகைச் சாளரம். அம்பாரி என்னும் சொல் பாரசீகத்திலிருந்து தக்காணம் வழியாகத் தெற்கே வந்தது. ஆக, இந்தக் கட்டடத்தின் ‘மொழி’ என்று ஒன்றைக் கேட்பவர் பாரசீகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள நேரும்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் வேப்பின்மூட்டுக் கொட்டாரம். அந்த ‘மூடு’ மூடுதலைக் குறிக்கும் வினை அன்று, மரத்தின் அடி. ஆலுமூடு, புளிமூடு என்று நெய்யாற்றின்கரையிலும் திருவனந்தபுரத்திலும் சந்திப்புகளுக்குப் பெயர் உண்டு. குமரி மாவட்டத்தில் தென்னையையும் வாழையையும் மூட்டுக் கணக்கில் எண்ணுவர்: ‘பத்து மூடு தென்னை’. சென்னையில் இச்சொல் புரியாது. கோழிக்கோட்டில் இவ்வளவு தாராளமாகப் பயிலாது. தெற்குத் திருவிதாங்கூருக்கே உரிய சொல். மாளிகைகளின் வரிசையில், விலாசங்களுக்கும் சாலைகளுக்கும் நடுவே, வேம்பின் அடி ஒன்று அரண்மனைப் பெயராக நிற்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும்.

இந்தச் சொற்களைக் கொண்டு ‘பார்த்தீர்களா, எல்லாம் தமிழ்தான்’ என்று முடிவு கட்டுவோர் பலர் உண்டு. முதுகலை மாணவர்கள் இந்த இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஊட்டும் புரையும் தாயும் இருமொழிக்கும் பொதுவான மரபுச் செல்வம். பொதுச்சொல்லைக் காட்டி ஒரு மொழிக்கு உரிமை கோருவது, தாத்தாவின் மூக்கு தனக்கு இருப்பதைக் காட்டிச் சொத்து முழுவதையும் பேரன் கேட்பது போன்றது. மற்றொரு பேரனுக்கும் அதே மூக்கு. மலையாளத்தைத் தமிழின் கிளையாகக் கால்டுவெல் 1856இல் எழுதினார். அதன்பின் வந்த ஆய்வாளர்களில் ஒரு சாரார் மேலைக்கடற்கரைத் தமிழ் வழக்கிலிருந்து மலையாளம் பிரிந்ததாகவும், மற்றொரு சாரார் இரண்டும் ஒரே முதுமொழியிலிருந்து கிளைத்ததாகவும் வாதிட்டனர். எந்தப் பக்கம் நின்றாலும், 1601இல் கல்குளத்தில் உளி பிடித்த தச்சன் பேசியது இன்றைய பொதுத்தமிழும் அன்று, இன்றைய பொதுமலையாளமும் அன்று. அறைப் பெயர்களைக் கொண்டு உறுதியாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

பெயர்கள் வேறொரு வகையில் உதவும். பொதுமொழிகள் இரண்டும் கைவிட்ட பொருள்களையும், அவற்றுள் ஒன்று மட்டும் காத்த பொருள்களையும் அவை சுமந்து நிற்கின்றன. இதற்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு இக்கட்டுரையின் தலைப்பு.

அரண்மனையை ஒட்டிய சரசுவதி கோயிலின் தெய்வத்துக்குத் தேவாரக்கெட்டு சரசுவதி என்று பெயர். தமிழ் மாணவர் ஒருவர் இப்பெயரைக் கேட்டால் அவர் நினைவுக்கு வருவது சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும். ‘இந்தக் கோயிலில் தேவாரம் பாடினார்களா?’ என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. மலையாளத்தில் தேவாரம் என்றால் இல்லத்தில் செய்யும் நித்திய வழிபாடு. அது நடக்கும் இடம் தேவாரப்புர. கெட்டு என்பது கட்டு. செட்டிநாட்டு வீடுகளில் முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்பார்களே, அந்தக் கட்டு. கேரளத்தின் நாலுகெட்டும் அதுவே. ஆக, தேவாரக்கெட்டு என்பது அரச குடும்பத்தின் வழிபாட்டுக் கட்டு.

இதை மலையாளத்தில் ஏற்பட்ட பொருள் திரிபு என்று ஒதுக்க இயலாது. தேவாரம் என்பதற்கு வழிபாடு என்னும் பொருளைத் தமிழ்ப் பேரகராதியும் தருகிறது. மூவர் பாடல்களுக்குத் தேவாரம் என்ற பெயர் நிலைபெற்றது அவர்கள் காலத்துக்கு வெகுவாகப் பின்னர்தான். சோழர் கல்வெட்டுகளில் ‘தேவாரம்’ வரும் இடங்களை அரசனின் வழிபாடு எனக் கொள்வதா, திருப்பதிகம் எனக் கொள்வதா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றனர். அந்த விவாதத்தில் ஈடுபடுவோர் தஞ்சைப் பகுதிக் கல்வெட்டுகளையே மீண்டும் மீண்டும் புரட்டுகின்றனர். அச்சொல்லின் பழம்பொருள் ஒரு கோயிலின் அன்றாடப் பெயரில், தக்கலைப் பேருந்து நிலையத்திலிருந்து எட்டும் தொலைவில், இன்றும் புழங்குகிறது. இதைச் சான்றாகக் காட்டினால் ‘அது மலையாள வழக்கு’ என்று தள்ளிவிடும் போக்கு தமிழாய்வில் இருக்கிறது. ‘அது தமிழ்ச் சொல்’ என்று கூச்சப்படும் போக்கு மலையாள ஆய்விலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல சான்று பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது.

அந்தச் சரசுவதி ஆண்டுக்கு ஒருமுறை மாநில எல்லையைக் கடக்கிறாள். முன்பு பத்மநாபபுரத்தில் நடந்த நவராத்திரி விழா சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) காலத்தில் திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. தெய்வங்களை மாற்றவில்லை, ஆண்டுதோறும் எழுந்தருளச் செய்கிறார்கள். தேவாரக்கெட்டு சரசுவதி யானைமீதும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் பல்லக்கிலும் புறப்படுவர். அதற்கு முன் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். இரு மாநில அமைச்சர்களும் அதிகாரிகளும் வருவர். முதல் இரவு குழித்துறை, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். களியக்காவிளையில் கேரளம் வரவேற்கும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் சாலையோரத்து வீடுகளில் விளக்கேற்றிக் காத்திருப்பார்கள்.

இந்தச் சரசுவதியைக் கம்பர் வழிபட்ட திருவுருவம் என்றும், அது பின்னர்ச் சேர மன்னரிடம் வந்தது என்றும் ஐதிகம் கூறுகிறது. வரலாற்றுச் சான்றாக அதைக் கொள்ள இயலாது. ஆனால் மலையாளம் பேசும் பக்தர்களும் அந்த ஐதிகத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறார்கள் என்பது ஒரு சமூகமொழியியல் செய்தி. தமிழ்க் கவிஞரின் கலைமகள் என்று சொல்வதால் தங்கள் அரண்மனையின் பெருமை குறைவதாக அவர்கள் கருதவில்லை.

எழுத்துச் சான்றுகளும் இதே திசையில்தான் நிற்கின்றன. எங்கள் ஊருக்குக் கிழக்கே, முன்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் விண்ணகரமும் சாலையும் அமைத்ததைக் கூறும் செப்பேடு வட்டெழுத்துத் தமிழிலும் கிரந்தத்திலும் உள்ளது. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து அரண்மனையிலிருந்து சற்றுத் தொலைவில் மற்றொரு கல் நடப்பட்டது. 1741 ஆகஸ்டில் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனி தோற்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவரான யூஸ்டாச்சியஸ் டிலனாய் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படையின் தலைவரானார். 1777இல் அவர் இறந்தபோது உதயகிரிக் கோட்டைக்குள் புதைத்து, கல்லறையில் இரு மொழிகளில் பொறித்தார்கள். ஒன்று இலத்தீன். மற்றொன்று தமிழ். இன்று கேரள வரலாற்றின் பெருவெற்றியாகப் பாடநூல்களில் இடம்பெறும் ஒரு போரோடு தொடர்புடைய தளபதியின் கல்லறையில் மலையாளம் இல்லை. இதையும் உடனே கொடியாக்கிவிடக் கூடாது. அந்தக் கோட்டையைச் சுற்றி வாழ்ந்தோர் எதைப் படித்தார்கள் என்பதற்கே அது சான்று. அதே காலத்துத் திருவனந்தபுரத்து மதிலகம் ஓலைகளில் வட்டெழுத்தும் மலையாண்மையும் வேறு எழுத்துகளும் பயின்று வருகின்றன; மொழியோ ஒரே ஓலைக்குள் தமிழ்ப்பக்கமும் மலையாளப்பக்கமும் சாய்ந்தாடுகிறது.

நாஞ்சில் நாட்டு அழகியபாண்டிபுரத்துப் பெரியவீட்டு முதலியார் ஓலைகள் இன்னும் கூர்மையான சான்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை முதலில் கவனப்படுத்த, பிற்காலத்தில் அ.கா. பெருமாள் நூலாகப் பதிப்பித்த ஆவணங்கள் அவை. தமிழ் ஆவணங்கள்தாம், ஆனால் கொல்லம் ஆண்டும் திருவிதாங்கூர் ஆட்சிச் சொற்களும் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. அவற்றில் அடிமைகளை விற்ற, ஒற்றி வைத்த ஓலைகளும் உள்ளன. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அரண்மனையைப் பார்த்துவிட்டு வருவோர் தச்சர்களின் கைத்திறனை வியக்கின்றனர். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த மண்டபத் தூணைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகின்றனர். மரத்தை மலையிலிருந்து இறக்கியவர்கள், கல் சுமந்தவர்கள், ஊட்டுப்புரைக்கு நெல் குற்றியவர்கள் ஆகியோரின் பெயர் எந்த அறைக்கும் இல்லை. ஊழியம் என்பது கூலியில்லாக் கட்டாய உழைப்பின் பெயராகவே இந்நாட்டில் வழங்கியது. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிப்பு அறிவிப்பு வந்தது 1855இல். தோள்சீலைக் கலகத்தின் முடிவில் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை அறிவிக்கப்பட்டது 1859இல். அரண்மனை யாருடையது என்று மொழியை முன்வைத்துச் சண்டையிடுவோர் இருபுறமும் இந்தக் கேள்வியை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

பண்பாட்டு எல்லை மொழி எல்லையோடு பொருந்தும் என்ற நம்பிக்கையும் இங்கே நிற்காது. தாய்க்கொட்டாரம் என்னும் பெயரைத் தாய்வழி மரபோடு இணைத்து, ‘இது மலையாளிகளின் மருமக்கத்தாயம்’ என்று விளக்குவோர் உண்டு. பெயர்க்காரணம் எப்படியிருந்தாலும், மருமக்கள்வழி மலையாளம் பேசியோருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் அது வேரூன்றியிருந்தது. கவிமணியின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ அந்த அமைப்பைத்தான் எள்ளி நகையாடியது. 1926இல் வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமே அதை முடிவுக்குக் கொண்டுவந்தது.

பிறகு எல்லை வந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட ஒன்பது தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நேசமணி தலைமையிலான அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அலுவலகத்திலும் பள்ளியிலும் தம் மொழி மதிக்கப்பட வேண்டும் என்று கேட்ட மக்கள் அவர்கள். மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தந்த அறிக்கை பெரும்பான்மை மொழியைப் பார்த்துத் தாலுகா தாலுகாவாக முடிவு செய்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கணக்கெடுப்பில் தாய்மொழிக்கு ஒரே ஒரு கட்டம்தான். நீரோடியிலும் பொழியூரிலும் ஒரே வலையை இழுத்தவர்கள் ஆளுக்கொரு கட்டத்தை நிரப்பினார்கள். படிப்படியாக மாறிச் செல்லும் பேச்சுத் தொடர்ச்சியை நடுவில் வெட்டினால், வெட்டு விழும் இடம் இரு துண்டுகளுக்கும் ஓரமாகிவிடும்.

ஐரோப்பாவில் இதற்கு ஒப்பான நிலையைக் காண விரும்புவோர் பிராத்திஸ்லாவாவைப் பார்க்கலாம். இன்று அது சுலோவாக்கியாவின் தலைநகரம். தன்யூபு ஆற்றின் மேல் குன்றில் அரச மாளிகை நிற்கிறது. 1563 முதல் 1830 வரை அங்கேரிய மன்னர்கள் முடிசூடிய நகரம் அதுவே. அங்கேரியர்க்கு அது பொசோனி, செருமானியர்க்கு பிரெஸ்புர்க். பிராத்திஸ்லாவா என்னும் பெயர் முதல் உலகப்போருக்குப் பின், 1919இல்தான் அதிகாரபூர்வமானது. பெயர் மாறியது, நாடு மாறியது, மாளிகை இடம் மாறவில்லை. ஆனால் அங்கே ஒரு நகரத்தின் மூன்று பெயர்களும் மூன்று மொழிகளுக்கு உரியவை, பிரித்துக் காட்டிவிடலாம். பத்மநாபபுரத்தின் சிக்கல் அதைவிட நுட்பமானது. இங்கே ஒரே பெயர் இரு மொழிக்கும் உரியது; கடைசி உயிரெழுத்தில்தான் நாடு மாறுகிறது.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். இழப்பு பேச்சுவழக்குக்கு. தெற்குத் திருவிதாங்கூரின் பேச்சைக் கேரளத்துத் திரைப்படங்கள் நெடுங்காலம் நகைச்சுவைக்குப் பயன்படுத்தின. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் ‘பாண்டி கலந்த மலையாளம்’ என்பார்கள். எல்லை கடந்து படிக்கச் சென்றால் ‘மலையாளத்தான் தமிழ்’ என்பார்கள். இரண்டையும் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. விளைவு, பிள்ளைகள் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் துடைக்கிறார்கள். மூடு, புரையிடம், பொழி போன்ற சொற்கள் வீட்டுக்குள் ஒடுங்குகின்றன. ஆய்வேடுகளில் இவ்வழக்கு ‘மலையாளக் கலப்புத் தமிழ்’ என்றோ ‘தமிழ்க் கலப்பு மலையாளம்’ என்றோ பதிவாகிறது. கலப்பு என்று சொல்வதற்கு முதலில் கலப்பற்ற இரண்டு இருந்திருக்க வேண்டும். பொதுமொழிகள் அச்சிலும் பள்ளியிலும் உறுதிப்படுவதற்கு முன்பே இருந்த வழக்கை அவற்றின் கலவை என்று விவரிப்பது காலவரிசையையே தலைகீழாக்குவது. அரண்மனையின் பெயர்கள் எனக்கு முக்கியமாவது இதனால்தான். அதே வழக்கு அங்கே அரசவையிலும் வழிபாட்டிலும் புழங்கியிருக்கிறது. அதை யாரும் கலப்பு என்று சொல்லவில்லை.

கள ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே ஊழியர்கள் மலையாளத்திலும் தமிழிலும் விளக்குவார்கள். ஒரே அறையின் பெயரை இருமொழி விளக்கத்திலும் எப்படி ஒலிக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக உப்பிரிக்க–உப்பரிகை, கெட்டு–கட்டு, தெக்கே–தெற்கு. வளாகத்து அருங்காட்சியகத்தில் கல்வெட்டுகளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பெரும்பாலோர் மூலிகைக் கட்டிலோடு நின்றுவிடுகிறார்கள். உதயகிரிக்கும் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் 1956க்கு முந்தைய நிலப் பத்திரங்கள் பல வீடுகளின் பெட்டிகளில் உள்ளன. பலவும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டோடு. பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாததால் அவை கரையானுக்குப் போகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கமுள்ள வீடுகளில் தமிழ் ஓலைகளுக்கும் அதே கதி. நான் நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் மூடு, விளை, பொழி என முடியும் இடப்பெயர்களைத் தொகுத்து வருகிறேன். விளவங்கோட்டிலிருந்து அதே பணியைச் செய்ய முன்வரும் மாணவர் யாரேனும் இருந்தால் எழுதுங்கள். படிவம் இருக்கிறது, அனுப்புகிறேன்.